முன்வரிசையில் நின்றால் பாட்டு கேட்காது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

லண்டன் பயணத்தோடு பழைய ராக் குழு ஒன்றின் கச்சேரியையும் சேர்த்துப் பார்த்துவிட்டு வரலாம் என்று தங்கள் பயண மலரில் யோசனை சொல்லியிருந்தீர்கள். நல்ல யோசனை. அறுபது, எழுபதுகளில் கிளம்பிய குழுக்களில் இன்றும் மேடையேறுகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆசை இருப்பவர்கள் தள்ளிப்போடக் கூடாது. ஆனால் மேடைக்கு எவ்வளவு கிட்டத்தில் டிக்கெட் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது என்று அந்தக் கட்டுரை சொல்வதை மட்டும் எங்களால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அதை நம்பிக் கூடுதல் பணம் கொடுத்து முன்னால் போய் நிற்பவர்களுக்குப் பாட்டு சரியாகக் கேட்காது. காதும் கெடும். காதைக் காப்பது பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லை என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறோம்.

வெம்ப்ளி ஸ்டேடியத்தை வைத்தே சொல்கிறோம். 90,000 இருக்கைகள் கொண்ட அரங்கம் அது. பெரிய குழுக்கள் லண்டனில் மேடையேறும் முக்கியமான இடங்களில் ஒன்று. அக்கம்பக்கத்தில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருப்பதால், ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு உறவினர் வீட்டிலிருந்து நடந்தே போகும் தூரமாகவும் இருக்கக்கூடும்.

மேடையின் இரு புறமும் வாழைத்தார் தொங்குவதுபோல் ஸ்பீக்கர் பெட்டிகள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்குவதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். ஒரு தாரில் பதினைந்து இருபது பெட்டிகள்கூட இருக்கும். மேலே உள்ள பெட்டிகள் அரங்கின் கடைசி வரிசையைப் பார்த்து நேராக நிற்கும். கீழே வர வர வளைந்து, கடைசிப் பெட்டி ஓரளவு அருகில் இருப்பவர்களைப் பார்க்கும். மேடையை ஒட்டிய தடுப்புக் கம்பியில் சாய்ந்து நிற்பவரின் தலைக்கு மேலாக இந்த ஒலி போய்விடுகிறது. அவருக்குக் கிடைப்பவை மூன்று. முதலாவது, மேடைக்கு முன்னால் தரையில் அடுக்கிய, அடித்தொனியைத் தரும் பேஸ் பெட்டிகளின் அதிர்வு. இரண்டாவது, மேடையின் விளிம்பில் வைத்த சிறிய பெட்டிகள் தரும் பாட்டுக் குரல். மூன்றாவது, மேடையிலிருந்து நேராக வரும் டிரம்ஸ், கிட்டார் சத்தம். பழைய ராக் குழுக்களில் பல கிட்டார் கலைஞர்கள் இன்னும் மேடையில் நிஜ ஆம்ப்ளிஃபயர் வைத்துத்தான் வாசிக்கிறார்கள். இடப்பக்கம் நின்றால் இடப்பக்கக் கிட்டார் மட்டும் காதைக் கிழிக்கும். மற்றக் கிட்டார் இருக்கிறதா என்றே தெரியாது. பாடகர் வாயசைப்பது தெரியும், சொல் புரியாது. கலைஞரின் முகத்தைப் பார்ப்பதுதான் வேண்டும் என்றால் அங்கே நிற்கலாம். இசை வேண்டுமென்றால் அது இடமல்ல.

நல்ல ஒலி கிடைக்கும் இடம் மிக்ஸர் மேசையைச் சுற்றி இருக்கிறது. மைதானத்தின் நடுவில், மேடையிலிருந்து ஏறக்குறைய 30 முதல் 45 மீட்டர் தள்ளி, கூடாரம் போட்டு ஒரு சதுர மேடை கட்டியிருப்பார்கள். கச்சேரியின் ஒலியைக் கலப்பவர் அங்கேதான் நிற்கிறார். குரல் எவ்வளவு, கிட்டார் எவ்வளவு, டிரம்ஸ் எவ்வளவு என்பதையெல்லாம் அவர் தன் காதில் விழுவதை வைத்து முடிவு செய்கிறார். அவர் கேட்பதை நீங்களும் கேட்க வேண்டுமானால் அந்தக் கூடாரத்துக்குச் சற்று முன்னாலோ பக்கத்திலோ நில்லுங்கள். நேர் பின்னால் வேண்டாம். கூடாரம் மேடையை மறைக்கும். மைதானத்தின் சரியான நடுக்கோட்டிலிருந்து மூன்று நான்கு மீட்டர் இடமோ வலமோ விலகி நிற்பது இன்னும் நல்லது. இரு பக்கத்துப் பேஸ் பெட்டிகளின் அலைகளும் ஒரே நேரத்தில் வந்து சேர்வது நடுக்கோட்டில்தான். அதனால் அங்கே பேஸ் குவிந்து நெஞ்சை இடிக்கும், குரல் அதில் அமுங்கும். பேஸ் பெட்டிகளை மேடை முழுதும் வரிசையாகப் பரப்பி இந்தக் குறையைக் குறைக்கிறார்கள், ஆனாலும் முழுதாகப் போவதில்லை. இந்த இடத்துக்கு முன்வரிசைக்கான விலையும் தேவையில்லை. சாதாரண நின்று பார்க்கும் டிக்கெட் போதும், மதியமே போய் வரிசையில் காத்துக் கிடக்கவும் வேண்டாம்.

உட்கார்ந்து கேட்பதாக இருந்தால் கீழடுக்கில், மைதானத்தின் நீளப் பக்கத்தில், மேடையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்துக்கும் பாதி தூரத்துக்கும் இடைப்பட்ட இருக்கைகளைப் பாருங்கள். கழுத்தைச் சற்றுத் திருப்பி வைக்க வேண்டியிருக்கும், அதைத் தவிரக் குறையில்லை. மேடைக்கு எதிர்முனையில் உச்சி அடுக்கில் உள்ள இருக்கைகள்தான் மலிவானவை. அங்கே என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். ஒலி ஒரு நொடியில் ஏறக்குறைய 340 மீட்டர் போகிறது. மேடையிலிருந்து 170 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு, டிரம்ஸ் வாசிப்பவரின் குச்சி தோலில் விழுந்து அரை நொடி கழித்துத்தான் சத்தம் வரும். கண்ணும் காதும் ஒட்டாமல் போகும். போதாததற்குக் கூரையிலும் எதிர்ச்சுவரிலும் பட்டுத் திரும்பும் எதிரொலி அடுத்த அடியோடு கலந்துகொள்ளும். வேகமான பாட்டில் இது கஞ்சியாகக் குழைந்துவிடும். மெதுவான பாட்டில் அவ்வளவு தெரியாது.

மைதானத்தின் பின்பாதியில் கோபுரம் மாதிரி நிறுத்தி அதிலும் ஸ்பீக்கர்களைத் தொங்கவிட்டிருப்பார்கள். அவற்றிலிருந்து வரும் ஒலியைக் கணக்குப் பார்த்துத் தாமதமாக விடுகிறார்கள். கோபுரம் மேடையிலிருந்து 68 மீட்டர் தள்ளி இருந்தால் தாமதம் 0.2 நொடி. மேடை ஒலி அங்கே வந்து சேரும்போது கோபுரத்து ஒலியும் கிளம்ப வேண்டும் என்பதுதான் கணக்கு. அதற்கு மேலும் நொடியின் நூறில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ கூட்டி வைப்பார்கள். முதலில் வந்த ஒலி எந்தத் திசையிலிருந்து வந்ததோ அங்கிருந்துதான் எல்லாம் வருகிறது என்று காது நம்பிவிடும். கேட்பவருக்குப் பாட்டு மேடையிலிருந்தே வருவதுபோல் இருக்கும். நம் ஊர்த் திருவிழாவில் தெருக்கோடி வரை மைக்செட் குழாய்களை ஒரே கம்பியில் மாட்டிவிடுகிறோமே, அங்கே ஒரே வரி இரண்டு மூன்று தடவை கேட்பதற்குக் காரணம் இந்தத் தாமதக் கணக்கைப் போடாததுதான். கச்சேரியில் கோபுரத்துக்கு நேர் கீழே மட்டும் நிற்காதீர்கள். பார்வையும் மறையும், ஒலியும் தலைக்கு மேலே போகும்.

இனி காது. 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் 8 மணி நேரம் வரை தாங்கலாம் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வைத்திருக்கும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி, 94 என்றால் 1 மணி, 97 என்றால் அரை மணி, 100 என்றால் கால் மணி. 3 டெசிபல் என்பது கேட்பதற்குச் சின்ன வித்தியாசம்தான், ஆனால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிவிடுகிறது. இதைப் பலர் உணர்வதில்லை. பாட்டுக் கச்சேரி நடக்கும் இடங்களில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார அமைப்பு 2022இல் பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரைக்குள் அடங்கிய கச்சேரியே என்றாலும், இரண்டு மணி நேரம் வெறுங்காதோடு கேட்டால் நியோஷ் கணக்கில் எட்டு நாள் அளவை ஒரே மாலையில் கேட்டதாக ஆகிறது. முன்வரிசையில் 106 என்று வைத்துக்கொண்டால், நாலு நிமிடத்துக்குள் அன்றைய அளவு தீர்ந்துவிடும். முதல் பாட்டு முடிவதற்குள்.

இதற்கு மாற்று கையில் இருக்கிறது, விலையும் அதிகமில்லை. மருந்துக்கடைகளில் கிடைக்கும் நுரைக் காதடைப்பானைப் பலர் காதின் வாயிலில் செருகிவிட்டு, ஒன்றும் பயனில்லை என்று கழற்றிவிடுகிறார்கள். குறை போடும் விதத்தில் இருக்கிறது. சுத்தமான விரல்களால் அதை மெல்லிய திரி போல மடிப்பில்லாமல் உருட்டுங்கள். வலக்காதுக்குப் போடுவதாக இருந்தால், இடக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து வலக்காது மடலை மேலும் பின்னுமாக இழுங்கள். காதின் வளைந்த குழாய் அப்போதுதான் நேராகும். திரியை உள்ளே விட்டு, அது விரிந்து அடைக்கும் வரை 20, 30 நொடி விரலால் அழுத்திப் பிடியுங்கள். சரியாக உட்கார்ந்திருந்தால் உங்கள் குரலே உங்களுக்குக் குடத்துக்குள் பேசுவதுபோல் கேட்கும். கண்ணாடி முன் நின்று பார்த்தால் முனை காதுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. பஞ்சைத் திணிப்பது உதவாது. சத்தம் ஏறக்குறைய அப்படியே உள்ளே போகும்.

நுரை அடைப்பானுக்கு ஒரு குறை உண்டு. கீச்சுப் பக்கத்து ஒலியை அதிகமாகவும் பேஸ் பக்கத்து ஒலியைக் குறைவாகவும் வெட்டுவதால், கம்பளியைப் போர்த்திக்கொண்டு கேட்பதுபோல் இருக்கும். பாட்டை ரசித்துக் கேட்க விரும்புகிறவர்கள் இசைக்கலைஞர்களுக்கென்று விற்கும் அடைப்பானை வாங்கலாம். அதற்குள் உள்ள சின்ன வடிகட்டி எல்லாச் சுருதியையும் ஏறக்குறைய ஒரே அளவில், 15 முதல் 20 டெசிபல் வரை குறைக்கிறது. ரேடியோவின் திருகைக் குறைத்ததுபோல் சத்தம் மட்டும் குறையும், பாட்டு பாட்டாகவே இருக்கும். மேலே சொன்ன கணக்கைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். மிக்ஸர் மேசை அருகே 100 டெசிபல், காதில் 15 குறைக்கும் அடைப்பான்: உள்ளே போவது 85. இரண்டரை மணிக் கச்சேரி கவலையில்லாமல் அடங்கும். அடைப்பானை அரங்கத்துக்குள் நுழையும்போதே போட்டுவிடுங்கள். சத்தம் தொடங்கிப் பத்து நிமிடம் கேட்ட பிறகு போட்டால் எல்லாம் மந்தமாகத் தோன்றி, கழற்றத்தான் கை போகும். நண்பரிடம் பேசுவதற்காக அடிக்கடி கழற்றுவதும் கணக்கைக் கெடுக்கும். இரண்டு மணி நேரத்தில் பத்து நிமிடம் கழற்றி வைத்திருந்தாலே, மீதி நேரம் முழுதும் போட்டுக்கொண்டு கேட்டதைவிட அதிக அளவு அந்தப் பத்து நிமிடத்திலேயே காதில் ஏறிவிடும்.

இது கிழவர்களின் பயம் என்று இளையவர்கள் நினைக்கலாம். லண்டனின் தி ஹூ குழு 1976 மே 31 அன்று சார்ல்ட்டன் கால்பந்து மைதானத்தில் நடத்திய கச்சேரியை உலகிலேயே மிக உரத்தது என்று கின்னஸ் புத்தகம் பதிந்து வைத்தது. காது கெடுவதற்கு ஊக்கம் கொடுப்பதாக ஆகிறது என்று பிற்பாடு அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள். அந்தக் குழுவின் கிட்டார் கலைஞர் பீட் டவுன்ஷெண்ட் தன் செவித்திறன் குறைவைப் பற்றியும் காதில் ஓயாமல் கேட்கும் இரைச்சலைப் பற்றியும் பல ஆண்டுகளாக வெளிப்படையாகப் பேசிவருகிறார். ஏசி/டிசி குழுவின் பாடகர் பிரையன் ஜான்சன், மேடையேறுவதை உடனே நிறுத்தாவிட்டால் காது முழுதாகப் போய்விடும் என்று மருத்துவர்கள் சொன்னதால் 2016இல் சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே விலகினார். அந்த ஆண்டு ஜூனில் அக்குழு லண்டனில் பாடியபோது அவர் இடத்தில் நின்றவர் கன்ஸ் அண்ட் ரோஸஸ் குழுவின் ஆக்ஸல் ரோஸ். ஜான்சனுக்குக் காது கெட்டதில் மேடைக்கு மட்டுமல்ல, காதடைப்பான் போடாமல் பந்தயக் கார் ஓட்டியதற்கும் பங்குண்டு என்று அவரே சொல்லியிருக்கிறார். அவர் குழுவோடு திரும்பி வந்து வெம்ப்ளி மேடையில் பாடியது 2024 ஜூலையில்தான். ஒரு மாலை அலட்சியத்துக்கு இவ்வளவு பெரிய விலை இல்லை. ஆனால் காதின் உள்ளே ஒலியை வாங்கும் மயிரிழை அணுக்கள் ஒருமுறை செத்தால் மறுபடி முளைப்பதில்லை.

கச்சேரி முடிந்து காதில் 'ஙொய்' என்று சத்தம் கேட்டால், அன்று இரவும் மறுநாளும் அமைதியான இடத்தில் இருங்கள், ஹெட்ஃபோன் மாட்டாதீர்கள். பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கும். அடங்காவிட்டாலோ ஒரு காது திடீரென மந்தமாகிவிட்டாலோ ஊர் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், உடனே காது மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். திடீர்ச் செவித்திறன் குறைவுக்கான சிகிச்சை தாமதமானால் பலன் குறையும். பிள்ளைகளை அழைத்துவந்தால் அவர்களுக்கு நுரை அடைப்பான் வேண்டாம். சின்னக் காதில் நிற்காது. தலைக்கு மேல் பட்டை வைத்த, காதை முழுதும் மூடும் கவசம் வாங்குங்கள். நின்று பார்க்கும் பகுதிக்குச் சிறுவர்களை விடமாட்டார்கள், வயது வரம்பு டிக்கெட்டிலேயே இருக்கும். வாங்கும் முன் பாருங்கள்.

மேடையை ஒட்டி நிற்க வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் கூட்டம். நெரிசல் என்றால் என்ன என்று நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ராக் வரலாற்றில் மறக்க முடியாத நாள் 1979 டிசம்பர் 3. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் தி ஹூ கச்சேரிக்கு இருக்கை எண் இல்லாத டிக்கெட் விற்றிருந்தார்கள். முந்தினவருக்கு முன்னிடம். உள்ளே ஒலி கேட்டதும் கச்சேரி தொடங்கிவிட்டது என்று வெளியே நின்றவர்கள் நெருக்க, திறந்திருந்த சில கதவுகளுக்கு முன்னால் 11 பேர் மூச்சுத் திணறி இறந்தார்கள். டென்மார்க்கின் ராஸ்கில்டே விழாவில் 2000 ஜூன் 30 அன்று மேடைக்கு முன்னால் 9 இளைஞர்கள் இறந்தார்கள். இப்போது பெரிய அரங்குகளில் மைதானத்தைத் தடுப்புகளால் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் எண்ணிக்கை வைத்து விடுகிறார்கள். அப்படியும் உங்கள் கணக்கு உங்களிடம் இருக்கட்டும். ஒரு சதுர மீட்டருக்கு நாலு பேர் வரை பரவாயில்லை. ஆறு பேரைத் தாண்டினால் மனிதர்கள் தண்ணீர் போல அலையாகத் தள்ளப்படுவார்கள். யார் தள்ளியது என்று யாருக்கும் தெரியாது. இரு தோளும் அடுத்தவர் மேல் பட்டு, கையை முகம் வரை தூக்க முடியவில்லை என்றால் அப்போதே வெளியேறத் தொடங்குங்கள். கைகளை மடக்கி நெஞ்சுக்கு முன்னால் வைத்து மூச்சுக்கு இடம் விடுங்கள். தள்ளுக்கு எதிராக நிற்க வேண்டாம். ஒரு தள்ளு ஓய்ந்த இடைவெளியில் பக்கவாட்டில் சாய்வாக ஓரடி, அடுத்த இடைவெளியில் இன்னோரடி. கீழே விழுந்த செல்போனுக்காகக் குனியக் கூடாது. கால் முழுதும் மூடிய ஷூ போட்டு வாருங்கள், செருப்பு வேண்டாம்.

பயண ஏற்பாட்டில் சிக்கலாவது விசா. பெரிய கச்சேரிகளின் டிக்கெட் பல மாதங்களுக்கு முன்பே, சில சமயம் எட்டுப் பத்து மாதத்துக்கு முன்பே விற்றுத் தீரும். இந்தியக் கடவுச்சீட்டில் பிரிட்டன் வருகிறவர்கள் சுற்றுலா விசாவுக்குப் பயணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போதுதான் விண்ணப்பிக்க முடியும். ஆக, விசா கிடைக்குமா என்று தெரியாமலேயே டிக்கெட் வாங்கியாக வேண்டும். டிக்கெட் கையில் இருப்பது விசாவுக்கு உத்தரவாதமும் அல்ல. ஆகவே குழுவின் அதிகாரபூர்வ விற்பனையாளரிடம், வாங்கிய விலைக்குத் திருப்பி விற்க வழி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கைமாற்றி விற்பவர்களிடம் வாங்கினால், இப்போதைய டிக்கெட்டுகளில் நகரும் கோட்டுக்குறி (பார்கோடு) இருப்பதால் படம்பிடித்து அனுப்பிய நகல் வாசலில் செல்லாது. அசல் டிக்கெட் உங்கள் கணக்குக்கே மாற்றப்பட்டிருக்க வேண்டும். இந்திய சிம் லண்டனில் வேலை செய்யாவிட்டால் கடவுச்சொல் குறுஞ்செய்தியும் வராது. விற்பனையாளரின் செயலியில் ஊரிலேயே நுழைந்து, டிக்கெட்டைப் போனின் வாலெட்டில் சேமித்துவிட்டுக் கிளம்புங்கள். வாசலில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் போனைத் திறக்கும்போது இணையம் நகராது.

கச்சேரி நாளைப் பயணத்தின் எந்த நாளில் வைப்பது என்பதும் முக்கியம். கோடையில் லண்டன் நேரம் இந்திய நேரத்துக்கு நாலரை மணி பின்னால். மேடையில் கடைசிப் பாட்டு நடக்கும் இரவு 10 மணி உங்கள் உடம்புக்கு விடிகாலை 2.30. வந்திறங்கிய அன்றோ மறுநாளோ கச்சேரி வைத்தவர்கள் நல்ல கட்டத்தில் தூங்கி விழுவார்கள். மூன்றாம் நாள் அல்லது அதற்குப் பிறகு வையுங்கள், ஆனால் கடைசி நாளில் வேண்டாம். நாள் தள்ளிப்போனால் இடமிருக்காது. இந்தக் குழுக்களின் கலைஞர்கள் எழுபதைத் தாண்டியவர்கள். ஏரோஸ்மித் தன் விடைபெறும் பயணத்தை 2023 செப்டம்பரில் தொடங்கி, பாடகர் ஸ்டீவன் டைலரின் குரல்வளை அடிபட்டதால் நிறுத்தி, 2024 ஆகஸ்டில் இனிச் சுற்றுப்பயணமே இல்லை என்று அறிவித்துவிட்டது. கச்சேரி ரத்தானால் டிக்கெட் பணம் வரும், விமானப் பணமும் விடுதிப் பணமும் வராது. பயணக் காப்பீட்டில் இது சேருமா என்று கேட்டு வாங்குங்கள்.

வெம்ப்ளி ஸ்டேடியமும் வெம்ப்ளி அரீனாவும் வேறு வேறு. அரீனா 1934இல் நீச்சல் அரங்கமாகக் கட்டப்பட்டது, 12,500 பேர் கொள்ளும் மூடிய கூடம், ஸ்டேடியத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. டிக்கெட்டில் எது எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 1985 ஜூலை 13 லைவ் எய்ட் நிகழ்ச்சியில் குயீன் குழு பாடிய அதே இடம் என்று நெகிழ்ந்து வருகிறவர்களும் உண்டு. மண் அதேதான், கட்டடம் 2007இல் திறந்த புதியது. ஸ்டேடியத்தில் ஏ4 தாள் அளவைவிடப் பெரிய பையை உள்ளே விடுவதில்லை. ஷாப்பிங் முடித்துப் பைகளோடு நேராக வரக் கூடாது. உள்ளே ரொக்கம் வாங்குவதில்லை, அட்டைதான். இருக்கைகள் அனைத்தும் கூரைக்குக் கீழே, மைதானம் திறந்தவெளி. குடை வேண்டாம், மெல்லிய மழைச்சட்டை போதும். ஜூலை முதல் வாரத்தில் லண்டனில் சூரியன் மறைவது இரவு 9.20க்கு. ஆகவே விளக்கு ஜாலங்கள் எடுபடுவது கடைசி ஒரு மணி நேரம்தான். முதல் பாதியில் படம் எடுத்து ஏமாறாமல் பாட்டைக் கேளுங்கள்.

முடிகிற நேரத்தை அரங்கத்தின் உரிமம் கட்டுப்படுத்தும். 2012 ஜூலை 14 அன்று ஹைட் பார்க்கில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனும் பால் மெக்கார்ட்னியும் சேர்ந்து பாடிக்கொண்டிருந்தபோது, நேரம் 10.30ஐத் தாண்டிவிட்டது என்று ஒலியை நிறுத்தியே விட்டார்கள். பெரிய மனிதர் என்று இங்கே விதி வளைவதில்லை. அந்த ஒழுங்கு எங்களுக்குப் பிடித்தமானது. அக்கம்பக்கத்தில் தூங்குகிறவர்களும் மனிதர்கள்தானே. உங்களுக்கு இதனால் ஒரு லாபம், எப்போது வெளியே வருவோம் என்று முன்கூட்டியே தெரியும்.

வெளியே வந்ததும் மொத்தக் கூட்டமும் ஒலிம்பிக் வே வழியாக வெம்ப்ளி பார்க் நிலையத்தை நோக்கி நகரும். நடந்தால் பத்து நிமிடம். அன்று அது ஒரு மணி நேரம்கூட ஆகலாம். நிலையத்துக்குள் நெரிசல் வராமல் கூட்டத்தை நிறுத்தி நிறுத்தித்தான் விடுவார்கள். இதைத் தவிர்க்கக் கடைசிப் பாட்டுக்கு முன்னால் ஓட வேண்டாம், வழிகள் வேறு இருக்கின்றன. மத்திய லண்டனில் மேரில்போன் பக்கம் தங்கியிருந்தால் வெம்ப்ளி ஸ்டேடியம் நிலையத்திலிருந்து நேர் ரயில் உண்டு, பத்து நிமிடப் பயணம். இருபது நிமிடம் நடக்கத் தயாரென்றால் வெம்ப்ளி சென்ட்ரல் நிலையம். இன்னும் நடந்து ஈலிங் ரோடு வழியே தெற்கே போனால் ஆல்பர்ட்டன் நிலையம், பிக்கடிலி என்ற சுரங்க ரயில் தடம். வழியெங்கும் குஜராத்தி, தமிழ்க் கடைகள். தோசை சாப்பிட்டுவிட்டுக் கூட்டம் கரைந்த பிறகு ரயிலேறலாம். வெள்ளி, சனி இரவுகளில் வெம்ப்ளி பார்க் வழியே போகும் ஜூபிலி தடமும், ஆல்பர்ட்டன் பகுதி நீங்கலாகப் பிக்கடிலி தடத்தின் ஒரு பகுதியும் விடிய விடிய ஓடும், மற்ற நாட்களில் நள்ளிரவைத் தாண்டிச் சற்று நேரத்தில் நின்றுவிடும். உறவினர் காரில் வந்து அழைத்துப்போகட்டும் என்று நினைக்காதீர்கள். அரங்கத்தைச் சுற்றிச் சாலைகளை மூடிவிடுவார்கள், கச்சேரி நாளில் தெருக்களில் வண்டி நிறுத்தவும் தடை உண்டு. ஒன்றரைக் கிலோமீட்டராவது தள்ளி ஓரிடத்தைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கச்சேரி நாளன்று காலையில் நேரம் இருந்தால், வெம்ப்ளி போகும் அதே ஜூபிலி தடத்தில் செயின்ட் ஜான்ஸ் வுட் நிலையத்தில் இறங்கலாம். பீட்டில்ஸ் குழுவினர் இசைத்தட்டு அட்டைப்படத்துக்காக 1969 ஆகஸ்ட் 8 அன்று நடந்து கடந்த அபே ரோடு சாலைக் கோடுகள் அங்கிருந்து ஐந்து நிமிட நடைதான். அபே ரோடு என்ற பெயரிலேயே கிழக்கு லண்டனில் வேறொரு ரயில் நிலையம் இருக்கிறது. பெயரை நம்பி அங்கே போய் இறங்குகிறவர்கள் ஏராளம். அங்கிருந்து திரும்பி வரவே ஏறக்குறைய ஒரு மணி நேரம் போய்விடும். மேற்கே ஈலிங் பிராட்வே நிலையத்துக்கு எதிரே ஒரு சந்தில் நினைவுப் பலகை ஒன்று உண்டு. 1962 மார்ச்சில் அங்கே நிலவறையில் தொடங்கிய ஈலிங் கிளப்பில்தான், பின்னாளில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவில் சேர்ந்து வாசித்த பிரையன் ஜோன்ஸை மிக் ஜாகரும் கீத் ரிச்சர்ட்ஸும் சந்தித்தார்கள். அங்கிருந்து சிறிது தூரத்தில் ஹான்வெல். அங்கே ஜிம் மார்ஷல் நடத்திய இசைக்கருவிக் கடையில்தான், இன்றும் ராக் மேடைகளில் சுவர் போல அடுக்கி நிற்கும் மார்ஷல் ஆம்ப்ளிஃபயர் பிறந்தது. தி ஹூ குழுவினர் இன்னும் சத்தம் வேண்டும் என்று கேட்டதால்தான் 1965இல் அதை 100 வாட்டுக்கு உயர்த்தினார்கள்.

தங்கள் மலரில் அடுத்த முறை இதுபோன்ற கட்டுரை வரும்போது, டிக்கெட் விலைக்குப் பக்கத்தில் காதடைப்பானையும் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
மேடை ஒலி அமைப்புத் தொழிலில் இருக்கும் வாசகர்கள் சிலர்,
வெம்ப்ளி, லண்டன்.